பொன்னையாவிடம் இருந்த செக்

ஹட்டன்,
ஐப்பசி 2, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் தரணிதரனுக்கு அம்மா எழுதுவது. மாணிக்கப்பிள்ளையார் துணையால் நான் இங்கே எழுந்து நடமாடி, என் சோற்றை நானே பொங்கித் தின்னும் அளவுக்குச் சுகமாக இருக்கிறேன். நீயும் மருமகள் ரஜிதாவும் பேரன் கிஷாந்தும் அங்கே ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். லெஸ்டரில் குளிர் தொடங்கிவிட்டது என்று ரஜிதா சொன்னாள். பிள்ளையைக் காதை மூடுகிற தொப்பி போடாமல் வெளியே அனுப்பாதீர்கள், நீயும் சின்ன வயதில் காதுவலிக்காரன்தான். இங்கே மழை விட்டபாடில்லை. கடைத்தெருவில் எதிர்க்கடையின் பெயர்ப்பலகை தெரியாத அளவுக்கு மூட்டம். எனக்கு முழங்கால் வலி வந்து போகிறது, எண்ணெய் தேய்த்தால் கேட்கிறது, அதற்காக மருந்து எதுவும் வாங்கி அனுப்ப வேண்டாம். நம் கடையில் இத்தனை வருடமாக நிற்கும் சின்னராசா இப்போதும் காலையில் வந்து திறந்து கூட்டிவிட்டு, வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு, மத்தியானம் பூட்டிக்கொண்டு போகிறான். விற்பதற்கு மரக்கறி ஒன்றும் இல்லை. பூட்டியே கிடந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றுதான் திறக்கச் சொல்லியிருக்கிறேன்.

போனில்தான் பேசிக்கொள்கிறோமே, அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இத்துடன் சில பத்திரங்கள் வைத்திருக்கிறேன், அவற்றை எப்படியும் தபாலில்தான் அனுப்ப வேண்டும். அது ஒன்று. இன்னொன்று, போனில் இந்தப் பேச்சை எடுத்தால் உனக்குக் கோபம் வந்துவிடுகிறது, நீ வேலைக்குப் போகிற அவசரத்தில் இருப்பாய், பின்னால் பிள்ளை அழுவான், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ பேசி வைத்துவிடுகிறேன். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. கோபம் வந்தாலும் மடித்து வைத்துவிட்டு ஆறிய பிறகு மீதியைப் படிக்கலாம். அதனால் தம்பி, முழுவதும் படி. பொன்னையாவுக்கு என்ன நடந்தது என்று உனக்கு இன்னும் முழுதாகத் தெரியாது.

பொன்னையாவை உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியவில்லை. டயகமவிலிருந்து அப்பாவுக்குக் கரட்டும் லீக்ஸும் கொண்டுவருகிறவர், ஒல்லியாக, எந்த வெயிலிலும் கம்பளித் தொப்பியோடு இருப்பார். தேயிலைத் தோட்டத்தில் பென்ஷன் எடுத்த பிறகு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்பக்கம் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அவரும் சம்சாரம் ராக்காயியும் இரண்டு பேராகவே மரக்கறி போட்டு வந்தார்கள். அப்பா அவரிடம் எப்போதும் கைக்காசு கொடுத்துத்தான் வாங்குவார். இந்தச் சித்திரை வருஷத்தை ஒட்டித்தான் அது மாறியது. கொழும்பில் நம் மரக்கறியை எடுத்தவர்கள் காசை இழுத்தடித்தார்கள். அப்பா எல்லோருக்கும் மூன்று நாலு மாதம் தள்ளித் தேதி போட்டுச் செக் எழுத ஆரம்பித்தார். லொறிக்காரர், சாக்குக்காரர் எல்லாம் அப்படி வாங்கிப் பழகியவர்கள். பொன்னையாவுக்கு அதுதான் முதல் செக். சித்திரை வருஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் கரட் இறக்கிவிட்டு நின்றார். மாசி மாதத்தில் வந்த நோவுக்குப் பிறகு அப்பாவின் வலது கை சரியாக ஓடவில்லை என்று உனக்குத் தெரியும், அதனால் தொகையையும் தேதியையும் சின்னராசா எழுதினான். கையெழுத்து மட்டும் அப்பா. நான் அன்று அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். பேனாவை வைத்தவுடன் தாள் நகர்ந்தது, நான்தான் இரண்டு விரலால் அதை அமுக்கிப் பிடித்தேன். அப்பா போட்டு முடித்துவிட்டு, "பொன்னையா, ஆடி மாசம் இந்தத் தேதி வர்றதுக்கு முன்னாடி பேங்குல போட்டுடாத, போட்டா திரும்பி வந்துரும். தேதிக்கு அப்புறம் யாருகிட்ட குடுத்தாலும் காசு" என்றார். அவர் அதை வாங்கி இரண்டாக மடிக்கப் போனார், அப்பா மடிக்காதே என்று சத்தம் போட, தொப்பியைக் கழற்றி அதற்குள் தட்டையாக வைத்துக்கொண்டு சிரித்தார்.

அதற்குப் பிறகு வைகாசி முடிவில் அப்பா போனதும் நீ வந்து காரியம் செய்துவிட்டுத் திரும்பியதும் உனக்கே தெரியும். நீ போன பிறகு, அப்பா தேதி போட்டுக் கொடுத்திருந்த செக் இரண்டு பாஸாகிவிட்டது. லொறிக்காரருடையதும் சாக்குக்காரருடையதும். அவர்கள் அதை முன்கூட்டியே தங்கள் பேங்கில் கொடுத்து வைத்திருந்தார்கள், தேதி வந்ததும் பேங்கே போட்டுக் காசை எடுத்துவிட்டது. அப்பா செத்தது பேங்குக்குத் தெரியாது, கையெழுத்து இருந்தது, கணக்கில் காசு இருந்தது, போய்விட்டது. அதைக் கேட்டுத்தான் நீ போனில் துள்ளினாய். "அம்மா, ஏன் இன்னும் பேங்குக்குச் சொல்லாம இருக்கீங்க, மரணச் சான்றிதழைக் கொண்டு போய்க் குடுங்க, அப்பதான் மிச்சக் காசாவது நிக்கும்" என்றாய். நீ சொன்னதில் தப்பில்லை தம்பி. எனக்கு மருந்துச் செலவு, வீட்டு வாடகை, எல்லாம் யோசித்துத்தான் சொன்னாய். நான் மறுநாளே போனேன்.

அங்கே ஷாமிலா என்று ஒரு பிள்ளை இருக்கிறது, நம் கடைத்தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் முத்துலிங்கத்தின் மகள். என்னைத் தனியாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துப் பொறுமையாகச் சொன்னாள். "ஆன்ட்டி, தேதி வர்றதுக்கு முன்னாடி யாரு செக்கைக் கொண்டு வந்தாலும் நாங்க காசு குடுக்க மாட்டோம். தேதி வந்துட்டா, கணக்குல இருந்தா குடுத்துருவோம். ஆனா எழுதினவங்க இறந்துட்டாங்கன்னு எங்களுக்குத் தெரிஞ்ச நிமிஷத்துல இருந்து, எவ்வளவு காசு இருந்தாலும் அவங்க செக்குக்குக் குடுக்க முடியாது. சட்டம் அப்படி. அங்கிள் வேற யாருக்காவது எழுதிக் குடுத்திருக்காரான்னு பாத்துட்டு, யோசிச்சுக் குடுங்க." நான் யோசித்தேன். பொன்னையாவின் முகம் வந்தது. அந்தச் சான்றிதழைப் பையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு நீ சத்தம் போடுவாயே என்றும், பொன்னையா வந்தால் நேரில் சொல்லி எப்படியாவது கொடுத்துவிடலாம் என்றும் எண்ணிக்கொண்டு கொடுத்துவிட்டேன். ஷாமிலா அதை வாங்கி உள்ளே கொண்டு போனாள். எனக்கு அப்போதுதான் அப்பா உண்மையிலேயே போய்விட்டார் என்பது போல இருந்தது. அவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டு போகும்போதுகூட அப்படி இருக்கவில்லை.

பொன்னையா ஹட்டனுக்கு வரவில்லை. அவருக்கு அறுப்பு முடிந்திருந்தது, வருவதற்கு வேலை இல்லை. நம் மரண அறிவித்தல் ஹட்டன் கடைத்தெருவோடு நின்றுவிட்டது, டயகம வரை யார் கொண்டுபோய் ஒட்டுவது. சின்னராசாவை ஒரு தடவை போய்ச் சொல்லிவிட்டு வா என்றேன், மண்சரிவில் பாதை மூடியிருக்கிறது என்றான், பிறகு இருவரும் மறந்துவிட்டோம். பொன்னையா செக்கைத் தேதி வரும்வரை பத்திரமாக வைத்திருந்து, அந்தத் தேதிக்கு மறுநாள், அவர் பக்கத்திலேயே உரம் விற்கும் ஒரு பசளைக் கடையில் கொடுத்து விதைக் கிழங்கும் பசளையும் எடுத்திருக்கிறார். இந்தப் போகம் உருளைக்கிழங்கு போட வேண்டும் என்று வருடமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாராம். கடைக்காரர் செக்கைப் பேங்கில் போட, எழுதியவர் இறந்துவிட்டார் என்று துண்டு ஒட்டித் திரும்பி வந்தது. அவர் ஹட்டனில் விசாரித்திருக்கிறார். சோமசுந்தரம் முதலாளி இறந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது என்று தெரிந்தது. செக்கில் இருந்த தேதியோ அதற்கு எவ்வளவோ பின்னால். எழுத்து ஒருவருடையது, கையெழுத்து நடுக்கமாக வேறு மாதிரி. செத்தவருடைய செக் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து இந்தக் கிழவன் தானே கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று அந்த மனுஷன் முடிவு கட்டிவிட்டார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, அவர் சரக்கைக் கொடுத்துவிட்டு நிற்கிறார். பொலிஸில் போய் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இந்த இடத்தில் நீ கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஆவணி மாதம் ஒரு நாள் பொலிஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார், நான் அப்போது உன்னோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? அவர் தன் போனில் செக்கின் படத்தைக் காட்டி, இது மாத்தயாவின், அதாவது ஐயாவின், கையெழுத்துத்தானா என்று சிங்களத்தில் கேட்டார். நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது நீ, "அம்மா, ஒண்ணும் பேசாதீங்க, போனை அவர்கிட்ட குடுங்க" என்றாய். கொடுத்தேன். நீ அவரிடம் நல்ல சிங்களத்தில், அம்மாவுக்குக் கடை விஷயம் ஒன்றும் தெரியாது, அப்பா கடைசி மாதங்களில் கையெழுத்துப் போடும் நிலையிலேயே இல்லை, இது யாருடைய கையெழுத்து என்று எங்களால் சொல்ல முடியாது என்றாய். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, என்னிடம் ஒரு தேத்தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டார். பிறகு நீ எனக்குச் சொன்னாய், "ஒத்துக்கிட்டா நாம கட்டணும்மா, தெரியாதுன்னா அதோட முடிஞ்சிரும்." நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. அது யாருடைய செக் என்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். என் பிள்ளை பேசிவிட்டான், அவனுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன்.

அதோடு முடியவில்லை தம்பி. நீ சொன்ன அந்த வார்த்தையை வைத்துத்தான் பொன்னையாவைக் கோர்ட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். செத்தவரின் குடும்பமே இது அவர் கையெழுத்து இல்லை என்கிறது என்று பொலிஸார் சொல்ல, நீதவான் அவரை விளக்கமறியல் என்று சிறையில் வைத்துவிட்டார். இவ்வளவும் நடந்தது எனக்குத் தெரியாது. நான் இங்கே உனக்குப் பருப்புப்பொடி இடித்து அனுப்புவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

ராக்காயி வந்துதான் தெரிந்தது. மத்தியானம் கடை பூட்டுகிற நேரம், நல்ல மழை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் ஒரு பொம்பளை நிற்கிறாள், உள்ளே வா என்றாலும் வரவில்லை என்று சின்னராசா வீட்டுக்கு ஓடி வந்தான். நான் போனேன். என்னைப் பார்த்ததும் கையைக் கும்பிட்டுக்கொண்டே, "அம்மா, எங்க வீட்டு மனுசன் திருடரு இல்லீங்க" என்றாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து உட்காரவைத்தேன். உலைத்தண்ணீர் போல மேலெல்லாம் சூடு, காய்ச்சலோடு பஸ் ஏறி வந்திருக்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பொலிஸ் வந்து கூட்டிப்போன அன்று அவர் பாத்தி கட்டிக்கொண்டிருந்தாராம். கையில் மண்ணோடு போனாராம். மறுநாளே பசளைக் கடை லொறி வந்து விதைக் கிழங்கு மூட்டை எல்லாவற்றையும் திருப்பி ஏற்றிக்கொண்டு போய்விட்டது. "மொளை விட்டிருந்துச்சுங்கம்மா, நல்லா மொளை விட்டிருந்துச்சு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். லயத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ஒரு நாளும் பொலிஸ் படி மிதிக்காத குடும்பம். முதலாளியம்மாவிடம் போய்க் கேட்டால் உண்மை தெரியும் என்று யாரோ சொன்னதாகவும், முதலாளியம்மாவே அது ஐயா கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டார்களாம் என்று வேறு யாரோ சொன்னதாகவும் சொன்னாள். "நீங்களா அம்மா அப்புடிச் சொன்னீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நான் இல்லை, என் மகன் என்று சொல்ல வாய் வருமா. "தப்பா வெளங்கிக்கிட்டாங்க ராக்காயி, நான் வந்து சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன். அன்று அவளை அனுப்பவில்லை, டொக்டரிடம் காட்டி மருந்து வாங்கிக் கொடுத்து, நம் வீட்டிலேயே படுக்கவைத்தேன்.

மறுநாள் ஷாமிலாவிடம் ஓடினேன். அவள் மனேஜரிடம் பேசி ஒரு கடிதம் எடுத்துக் கொடுத்தாள். இந்தத் தாள் அப்பாவுக்குக் கொடுத்த புத்தகத்தில் உள்ளதுதான், கையெழுத்தைப் பற்றி பேங்குக்குச் சந்தேகம் இல்லை, கணக்குக்காரர் இறந்த காரணத்தால் மட்டும்தான் திருப்பி அனுப்பினோம் என்று அதில் இருந்தது. நான் உன்னிடம் கேட்காமல் செய்த முதல் வேலை இதுதான். கேட்டால் தடுப்பாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

வழக்குத் தவணை அன்று நானும் ராக்காயியும் சின்னராசாவும் கோர்ட்டுக்குப் போனோம். பொன்னையாவைக் கூண்டில் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. தொப்பி இல்லை, தலை முழுக்க நரை, தாடி. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார், தப்புச் செய்தவர் போல. நீதவான் வயதில் சின்னவர், ஒரு பெண்பிள்ளை. என்னைக் கூப்பிட்டதும் எழுந்து முன்னால் போனேன். எனக்குத் தெரிந்த கடைத்தெருச் சிங்களத்தில் சொன்னேன். இது என் புருஷனுடைய கையெழுத்து. சித்திரை வருஷத்துக்கு முன்னால் கடையில் வைத்து என் கண் முன்னால் போட்டார். கை நடுங்கியதால் தாளை நான் பிடித்துக்கொண்டேன். தேதியைத் தள்ளிப் போட்டது இந்த மனுஷனுக்காக இல்லை, எங்களுக்குக் காசு வர வேண்டியிருந்ததால். அது அவர் விளைவித்த கரட்டுக்கான காசு. இவ்வளவுதான் சொன்னேன். நீதவான் பேங்கின் கடிதத்தைப் படித்துவிட்டு, பொலிஸ்காரர்களைப் பார்த்து, முதலில் ஏன் இந்த அம்மாவிடம் நேராக வாக்குமூலம் எடுக்கவில்லை என்று கேட்டார். அவர்கள் ஏதோ சொன்னார்கள், எனக்கு விளங்கவில்லை. அன்றே பிணையில் விட்டுவிட்டார்கள். அடுத்த தவணையில் வழக்கையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் பொன்னையா என்னிடம் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "ஐயா எப்புடிங்கம்மா செத்தாரு?" என்றார். அவருக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. கடைக்காரர் சத்தம் போட்டபோதுதான் அப்பா செத்ததையே கேட்டிருக்கிறார், அதற்குள் பொலிஸ் வந்துவிட்டது. கோர்ட் வாசலில் நின்றுகொண்டே நான் எல்லாவற்றையும் சொன்னேன், காலையில் குளித்துவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போனது எல்லாம். அவர் நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நம் சொந்தக்காரர்களில்கூட அப்பாவுக்காக அப்படி யாரும் அழுததை நான் பார்க்கவில்லை. சின்னராசாதான் தூக்கி நிறுத்தினான்.

வழக்கு முடிந்துவிட்டது, ஆனால் அவர் நிலைமை முடியவில்லை. போன வாரம் நான் டயகமவுக்குப் போனேன். இந்த முழங்காலோடு ஏன் போனாய் என்று திட்டாதே, போகாமல் இருக்க முடியவில்லை. நடுகிற காலம் போய்விட்டதால் குத்தகையையும் நிலத்துக்காரர்கள் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கையில் காசு இல்லாத ஆளுக்கு எதற்கு நிலம் என்று சொன்னார்களாம். நான் போனபோது பொன்னையா அதே நிலத்தில் அந்த ஆளுக்குக் கூலிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார். அவர் கொத்திப் பசளை போட்டுப் பதப்படுத்திய மண். என்னைக் கண்டதும் மண்வெட்டியை வைத்துவிட்டு, வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார், உள்ளே வாங்க என்று சொல்ல அது அவர் இடம் இல்லை. லயத்தில் ராக்காயி தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். அவள் இன்னும் இருமிக்கொண்டேதான் இருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், நான் வேண்டுமென்றே சத்தமாக, முதலாளி உங்களுக்குத் தர வேண்டிய காசைத் தரத்தான் வந்தேன் என்று பேசினேன். வளையல் இரண்டை அடகு வைத்ததில் ஒரு பகுதிதான் கொண்டு போயிருந்தேன். மீதிக்கு என் பெயரில் ஒரு செக் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். பொன்னையா பதறிப்போனார். "காசு எப்ப இருக்கோ அப்ப குடுங்கம்மா, இல்லாட்டியும் பரவாயில்லீங்க. செக்கு மட்டும் வேணாங்க. அந்தத் தாளை இனிக் கையால தொட மாட்டேங்க" என்றார். நான் கொண்டு போன காசை வாங்கி, நேராகப் பசளைக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதற்கென்று எடுத்து வைத்தார். சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு போன பிறகு இன்னும் என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். லொறிக் கூலியும், நட்டுவிட்ட கொஞ்சக் கிழங்கும் கணக்கில் இருக்கிறதாம். அந்த ஆள் கேட்கவில்லை, ஆனாலும் கொடுத்துவிட வேண்டும் என்றார்.

இப்போது இந்தப் பத்திரங்களின் விஷயம். அப்பாவின் கணக்கில் உள்ள காசு பேங்கில் அப்படியே முடங்கிக் கிடக்கிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் மனைவியும் பிள்ளையும் சேர்ந்து சம்மதம் கொடுக்க வேண்டும், நான் போட்டுவிட்டேன், உன்னுடையதுதான் பாக்கி. நீ அடுத்த வருடம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறாய். அதுவரை மனுஷர்கள் எதைத் தின்பது? பொன்னையாவைப் போல இன்னும் இரண்டு பேரிடம் அப்பாவின் செக் இருக்கிறது, நோட்டன் பிரிட்ஜிலிருந்து முட்டைக்கோவா கொண்டுவந்தவர்கள். அவர்கள் திரும்பி வந்த செக்கைக் கொண்டுவந்து சின்னராசாவிடம் காட்டிவிட்டுப் போனார்கள். அந்தத் தாள்களால் இனிப் பேங்கில் ஒன்றும் செய்ய முடியாது, நாம்தான் கையில் கொடுக்க வேண்டும் என்று ஷாமிலா சொல்கிறாள். சட்டப்படி அவர்கள் வழக்குப் போட்டுத்தான் கேட்க வேண்டும், போட மாட்டார்கள் என்று நீ சொன்னாய். போட மாட்டார்கள் என்பது உண்மைதான். அவர்களிடம் வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை தம்பி. எல்லாவற்றையும் கொடுத்தால் எனக்கு ஒன்றும் மிஞ்சாது என்று நீ பயப்படுகிறாய். அதிகம் மிஞ்சாதுதான். கடையை முத்துலிங்கம் வாடகைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன், என் ஒருத்திக்கு அது போதும். சின்னராசாவையும் அவரே வேலைக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நீ அனுப்புகிற காசைக் குறைத்தாலும் சமாளிப்பேன். ரஜிதாவோடு இதற்காகச் சண்டை போடாதே, அவளுக்குப் பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கடன் என்று ஆயிரம் கவலை.

நீ கெட்டவன் என்று அம்மா நினைக்கவில்லை. நீ ஒரு நாளும் பொன்னையாவை நினைத்து அப்படிப் பேசவில்லை, அது யார் என்றே உனக்குத் தெரியாது. தூரத்தில் இருக்கிற பிள்ளை அம்மாவுக்கு ஒரு தொல்லையும் வரக்கூடாது என்று பேசினாய். ஆனால் நீ பேசியதால் இங்கே என்ன ஆனது என்று உனக்குச் சொல்ல என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. சொல்லாமல் வைத்துக்கொண்டு நான் தினமும் உன்னிடம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. போனில் என் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டாய். இதுதான் காரணம்.

டயகமவில் பஸ் ஏறும்போது பொன்னையா வழியனுப்ப வந்தார். எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, "தம்பி சீமையில சௌக்கியமாங்கம்மா? அப்பா போன கவலையில இருக்கும், தனியா இருக்குற புள்ள. நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றார். போனில் பேசியது நீதான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லிவிடுகிறேன் என்றேன், பஸ் புறப்பட்டுவிட்டது. அதனால் இப்போது சொல்கிறேன், பொன்னையா உன்னைச் சுகம் விசாரித்தார்.

பத்திரத்தில் பென்சிலால் புள்ளி வைத்த இடங்களில், அங்குள்ள நோட்டரி முன்னால், பாஸ்போர்ட்டில் இருக்கிற அதே மாதிரிக் கையெழுத்துப் போட்டு, பதிவுத்தபாலில் அனுப்பு. போடுவதும் விடுவதும் உன் இஷ்டம், நான் இனிக் கேட்க மாட்டேன். மழைக்காலம் என்பதால் வேலைக்குப் போகும்போது கார் மெதுவாக ஓட்டு. வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே. கிஷாந்தைத் தமிழில் நாலு வார்த்தை பேசப் பழக்கு, அவன் பேசுவது எனக்குப் பாதிதான் விளங்குகிறது. பிள்ளையார் உங்கள் மூவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். நீ தீர்க்காயுசாக, நாலு பேர் வாழ்த்த இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உன்னை நினைத்தே இருக்கும்
அம்மா,
சோ. ரத்னா.